எல்லாமே அவசரம்னா எதுதான் அவசரம், மாப்ளே?

ஏன் மாப்ளே, மெட்ராஸ்ல இருந்து நாலு முழ நீளத்துக்குக் காகிதம் அச்சடிச்சு, சுருட்டிக் கொண்டாந்தியே, விரிச்சுப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. அறுபது வேலை, அறுபது கோடு, அறுபதும் செவப்பு. செவப்புன்னா அவசரம்னு ஓரத்துல நீயே எழுதி வேற வச்சிருக்கே. தளம் போடுறது அவசரம், காம்பவுண்டுச் சுவர் அவசரம், வாசல்ல வைக்கப் போற மல்லிகைச் செடியும் அவசரம். எல்லாரும் பல்லக்கு ஏறினா தூக்குறது யாருப்பா?

கோவிச்சுக்காதே. நீ கம்பெனியில பல ஊரு ஆளுகளை மேய்ச்சு வேலை வாங்குறவன். நான் கொத்துக்கரண்டி பிடிச்சுக் காச்ச கை. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனா தாய்மாமன்னு ஒரு பட்டம் இருக்கு பாரு, அதுக்குப் பரீட்சை எழுத வேண்டியதில்ல. அந்த உரிமையில சொல்றேன், கேட்டுக்கோ. நீ கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன், அது வேற விஷயம்.

நீ காலேஜ்ல படிச்ச புஸ்தகம் ஒண்ணு உங்க அம்மா வீட்டுப் பரண்ல கெடந்துச்சு. கிரிட்டிகல் பாத்னு ஒரு பாடம் இருந்துச்சு. நீ அடிக்கோடு போட்ட இடத்தை எல்லாம் விட்டுட்டு மத்ததைப் படிச்சேன். சரியான சங்கதி எல்லாம் அங்கதான் இருந்துச்சு. அப்புறம் ருசி கண்டு போயி, நூலகத்துலயும் தேடிப் பிடிச்சுப் படிச்சேன்.

1957-ல அமெரிக்காவுல டூபாண்டுன்னு ஒரு ரசாயனக் கம்பெனி. ஆலை கட்டுறதுக்கும், இருக்குற ஆலையை மூடி மராமத்துப் பாக்குறதுக்கும் பணம் தண்ணியா ஓடுது. அங்க வேலை பாத்த மோர்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டு கம்பெனியில இருந்த கணக்குப்புலி ஜேம்ஸ் கெல்லியும் சேந்து, ரூம் முழுக்க அடைச்சுக்கிட்டு நிக்கிற யூனிவாக் கம்ப்யூட்டர்ல இந்தக் கிரிட்டிகல் பாத் கணக்கைப் போட்டாங்க. அதுவரைக்கும் வழக்கம் என்னன்னா, வேலை பின்தங்கிருச்சுன்னா அத்தனை பேருக்கும் ஓவர்டைம். யாரால பின்தங்குச்சுன்னு தெரியாது, அதனால எல்லாத்தையும் விரட்டு. இவங்க கண்டுபிடிச்சது, எல்லாத்தையும் விரட்டத் தேவையே இல்ல, ஒரு சில வேலைதான் முடியுற நாளைத் தீர்மானிக்குது, அதை மட்டும் பாத்தாப் போதும்ங்கிறது. லூயிவில்னு ஒரு ஊர்ல அவங்களுக்குச் செயற்கை ரப்பர் ஆலை இருந்துச்சு. மராமத்துக்கு மூடினா சராசரியா 125 மணி நேரம் மூடிக் கெடக்கும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு நூறு மணிக்குள்ள கதவைத் தெறந்துட்டாங்க.

அம்புட்டுப் பெரிய கம்பெனிக்காரன் காசைக் கொட்டிக் கண்டுபிடிச்சது, ‘எல்லாத்தையும் விரட்டாதே’ங்கிறதைத்தான். நீ அவன் கண்டுபிடிச்ச சாமானையே கையில வச்சுக்கிட்டு அறுபதையும் விரட்டுறே. உன்னை மாதிரி ஒரு ஆள் டூபாண்டுல இருந்திருந்தா அந்த ஆலை இன்னும் மூடித்தான் கெடக்கும்.

சரி, இந்தத் திண்ணையில உக்காரு. புளியங்கொட்டை கொண்டாரச் சொல்லியிருக்கேன். ஒரு கொட்டை ஒரு நாள். உன் வீட்டுச் சுவர் எழும்பி முடிஞ்ச நாள்ல இருந்து எண்ணுவோம். சென்ட்ரிங் அடிக்க 6 நாள். கம்பி கட்ட 3, ஆச்சு 9. தளம் போட 1, பத்து. அதுக்கப்புறம் முட்டுப் பிரிக்கிற வரைக்கும் 14, மொத்தம் 24. முட்டு வெளியேறினாத்தான் உள்பூச்சு, அதுக்கு 10, ஆக 34. தரைக்கு டைல்ஸ் 6, நாப்பது. பெயிண்டு 8. ஆக மொத்தம் 48. ஒண்ணு முடிஞ்சாத்தான் இன்னொண்ணு, நடுவுல ஒரு கொட்டை நகர முடியாது. இதுதாம்ப்பா அந்தக் கிரிட்டிகல் பாத், முடியுற நாளைத் தீர்மானிக்கிற பாதை. இந்த வரிசையில ஒரு நாள் போச்சுன்னா, கிரகப்பிரவேசம் ஒரு நாள் தள்ளிப் போச்சு.

இப்போ மத்த வேலைக்கு வா. ஜன்னல் கிரில், பட்டறையில 8 நாள் வேலை. பூச்சுக்கு முன்னாடி வந்தாப் போதும், அதாவது 24-ஆம் நாள். இன்னைக்கே தொடங்கினா 16 நாள் மிச்சம். கதவு செய்ய ஆசாரிக்கு 20 நாள். டைல்ஸ் முடிஞ்சு பெயிண்டு தொடங்குறதுக்குள்ள, 40-ஆம் நாளுக்கு, மாட்டியிருக்கணும். 20 நாள் மிச்சம். காம்பவுண்டுச் சுவர் 12 நாள். கடைசி நாள் வரைக்கும் தூங்கலாம், 36 நாள் மிச்சம். இந்த மிச்சத்துக்கு உங்க ஆளுக ஃப்ளோட்டுன்னு சொல்றாங்க. நான் மூச்சு விடுற நேரம்னு சொல்லுவேன்.

பின்னாடி இருந்து எண்ணுறதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. ஜோசியர் வைகாசியில நாள் குறிச்சுக் குடுத்த அன்னைக்கே உங்க அம்மா விரலை மடக்கி எண்ணிட்டா. பத்திரிகை எப்ப அடிக்கணும், பாத்திரம் எப்ப எடுக்கணும், யார் வீட்டுக்கு முதல்ல போயி அழைக்கணும்னு தேதியில இருந்து பின்னாடியே நடந்து வந்து நிக்கிறா. அவளுக்கு எந்தக் காலேஜ்லயும் சீட்டு குடுக்கல.

இந்தப் பாதையில பாரு, பெரிய துண்டு எது? முட்டுக்குக் காத்திருக்குற 14 நாள். அங்க ஒருத்தனும் வேலை செய்யல. கலவை சத்தம் இல்ல, சித்தாள் பேச்சு இல்ல. உன் காகிதத்துல அதுக்குக் கோடே இல்ல. ஏன்னா அதுக்குக் கூலி கிடையாது, அதனால அது வேலைன்னு உனக்குத் தோணல. தளம் போட்டா ஆறாம் நாளே முட்டைப் பிரிச்சுடலாமான்னு கொத்தனாரைக் கேட்டியாமே? அவர் என்கிட்ட வந்து சொல்லிட்டுச் சிரிச்சாரு. நானும் சேந்து சிரிச்சேன். அப்புறம் பயந்தேன்.

அரசாங்கமே இதுக்கு ஒரு விதி எழுதி வச்சிருக்கு, ஐ.எஸ். 456, 2000-ஆம் வருஷத்துப் பதிப்பு. சாதா சிமென்ட்டு, குளிர் இல்லாத ஊருன்னா, நாலரை மீட்டருக்குள்ள இருக்குற தளத்துக்கு 7 நாள் கழிச்சு முட்டெடுக்கலாம். அதுக்கு மேல போனா 14 நாள். ஆறு மீட்டருக்குள்ள இருக்குற உத்தரத்துக்கும் 14. உன் ஹால் 17 அடி. மீட்டர்ல அஞ்சுக்கு மேல வரும். இதுக்கு நடுவுல தண்ணியும் காட்டணும். தளத்து மேல சிமென்ட்டுல சின்னச் சின்னப் பாத்தி கட்டி, தண்ணி நிறுத்தி வச்சிருப்பாங்க பாரு, அது காயவே கூடாது. சாதா சிமென்ட்டுக்கு ஏழு நாள்னு விதி, ஆனா காஞ்ச வெயில் அடிக்கிற இடத்துல பத்துக்குக் குறையக் கூடாது. பங்குனி வெயில்ல காலையில நிறுத்தின தண்ணி மத்தியானம் ஆவியாயிடும். கையால பாத்தியைத் தொட்டுப் பாத்து, ஈரம் இருக்கான்னு பாக்குறதுக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆளுக்குக் கூலி குடுக்க யோசிக்காதே. உன் மொத்தக் கணக்குலயும் மலிவான காவல் அதுதான்.

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும் மாப்ளே. கம்பி கட்டுறதுக்கு இன்னும் நாலு பேர் போடலாம். சிமென்ட்டு இறுகுறதுக்கு எத்தனை ஆள் போடுவே? சுத்தி நின்னு ஊதச் சொல்லுவியா?

ஆனா அதுல ஒரு லாபமும் இருக்கு. கான்கிரீட்டுக்கு ஞாயித்துக்கிழமை கிடையாது, திருவிழா கிடையாது, மாமியா வீட்டு விசேஷம் கிடையாது. மத்த வேலைக்கெல்லாம் காலண்டர்ல ஓட்டை விழும். அது மட்டும் ராவும் பகலும் தன் வேலையைத் தானே பாத்துக்கிட்டு இருக்கும். அதனால பங்குனிப் பொங்கலுக்கு ஆளுக ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் பாத்துத் தளத்தைப் போடு. அவங்க கெடா வெட்டி, கறி தின்னு, மஞ்சத்தண்ணி ஊத்தி விளையாடி, அலுத்துப் போயித் திரும்பி வர்றதுக்குள்ள அந்தப் பதினாலுல பாதி ஓடிருக்கும். உன் லேப்டாப்பு லீவு நாள்னு காட்டுற வாரத்துல உன் வீடு வளந்துக்கிட்டு இருக்கும். தண்ணி ஊத்துற ஆளுக்கு மட்டும் திருவிழாக் கறியைத் தூக்குச் சட்டியில குடுத்து அனுப்பிடு.

இப்போ காசு விஷயம். காசைக் குடுத்தா நாளைக் குறைக்கலாம்ங்கிறதும் டூபாண்டுக்காரன் கணக்குதான். ஆனா எங்க குடுக்கணும்னு அவன் பாத்துக் குடுத்தான். நீ என்ன பண்ணினே? காம்பவுண்டுச் சுவருக்கு ரெண்டு கொத்தனார் கூடப் போட்டே. 12 நாள் வேலை 7 நாள்ல முடிஞ்சுது. சந்தோஷம். கிரகப்பிரவேசம் எத்தனை நாள் முன்னாடி வந்துச்சு? ஒரு நாள்கூட இல்ல. முப்பத்தாறு நாள் மிச்சம் இருந்த வேலையில இன்னும் அஞ்சு நாளைக் கொட்டி நாப்பத்தொண்ணு ஆக்கினே. அதுக்குத்தான் கூலி குடுத்தே. ஆனா ரோட்டுல போறவனுக்கு அது கண்ணுல படுது பாரு, அதனால உனக்கு ஒரு திருப்தி. நீ நிச்சயமா லேட்டாக்கணும்னு ஆசைப்பட்டா, நான் ஒரு வழி சொல்றேன். ரோட்டுல இருந்து தெரியுற வேலையா பொறுக்கி எடுத்து முதல்ல முடி. கேட்டுக்குக் கூர் வை, பேர்ப்பலகைக்குக் கிரானைட்டு தேடு, மாடிப்படிக் கைப்பிடி எந்தக் கலர்னு வாட்ஸப்புல ஓட்டெடுப்பு நடத்து. ஊரே உன்னைச் சுறுசுறுப்பானவன்னு சொல்லும். வைகாசிக்கு உள்ள போக மட்டும் முடியாது.

ஒண்ணு மட்டும் நல்லாச் செஞ்சே. சென்ட்ரிங்காரருக்குக் கூட ஆள் போட்டு, 6 நாளை 4 ஆக்கினே. அது பாதையில இருந்த வேலை. 48 இப்போ 46. சபாஷ். ஆனா கூடவே ஒண்ணு நடந்துச்சு, அதை நீ பாக்கல. கதவு 40-ஆம் நாளுக்கு வேணும்னு சொன்னேன்ல? இப்போ 38-ஆம் நாளுக்கு வேணும். ஆசாரியோட மிச்சம் 20-ல இருந்து 18 ஆச்சு. அவருக்கு அது தெரியாது. அவர் இன்னும் மரமே அறுக்கல.

இந்த மிச்சம் இருக்கே, அதுதாம்ப்பா ஆபத்து. கண்மாயில தண்ணி தொறந்தா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியும். தலைமடைக்காரன், நிறையத்தானே வருதுன்னு வரப்பு வழியுற வரைக்கும் பாய்ச்சுவான். நடுமடைக்காரன், அவன் பாய்ச்சினான் நானும் பாய்ச்சுறேன்னுவான். கடைமடைக்காரன் மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டுக் காஞ்ச வாய்க்காலைப் பாத்து நிப்பான். ஒருத்தன்கூடத் திருடல, ஆனா தண்ணி இல்ல. ஃப்ளோட்டும் அப்படித்தான். மரக்கடைக்காரர் மரம் நல்லாக் காயட்டும்னு பத்து நாள் எடுத்துக்குவாரு. ஆசாரி வேற ஒரு வீட்டு நிலைக்கு அட்வான்ஸ் வாங்கியிருப்பாரு, அதுக்குப் பதினஞ்சு நாள். கடைசியில தாப்பாளும் கீலும் வாங்கி வந்து கதவு மாட்டுறவன்தான் கடைமடைக்காரன். அவனுக்கு ஒரு சொட்டு மிஞ்சாது. திட்டு மட்டும் அவனுக்கு விழும்.

ஆசாரி 25 நாள் கழிச்சுத் தொடங்கினார்னு வை. கதவு 45-ஆம் நாள் வரும். அப்புறம் பெயிண்டு 8, மொத்தம் 53. நீ காசு குடுத்து ரெண்டு நாள் வாங்கினே, ஆசாரி ஏழு நாளை நோகாம வித்துட்டாரு. செவப்புக் கோடு தளத்துல இருந்து கதவுக்குத் தாவிடுச்சு. உன் காகிதத்துல அது எங்க தெரியும்? அதுதான் எல்லாமே செவப்பாச்சே.

பார்க்கின்சன்னு ஒரு வெள்ளைக்காரர் சிங்கப்பூர்ல வாத்தியாரா இருந்தாரு. குடுத்த நேரம் முழுக்க வேலை வீங்கிக்கிடும்னு 1955-ல நையாண்டியா எழுதினாரு. நம்ம ஆசாரிக்கு இதை யாரும் படிச்சுக் காட்டல. இருந்தும் அவர் அதை வரி பிசகாமக் கடைப்பிடிக்கிறாரு. 1997-ல கோல்ட்ராட்னு ஒருத்தர் புஸ்தகம் போட்டாரு. ஆளாளுக்கு மடியில பதுக்குற நாளை எல்லாம் வாங்கி, பாதையோட முடிவுல ஒரே மூட்டையாக் கட்டி வை, யாருக்கு நிஜமா முட்டுதோ அவனுக்கு அவுத்துக் குடுன்னு சொன்னாரு. உங்க அப்பத்தா அரிசிப் பானைக்குள்ள காசை முடிஞ்சு வச்சிருந்ததும் அதுக்குத்தான். இன்னொண்ணும் கோல்ட்ராட் சொன்னாரு, வேலை வரிசையை மட்டும் பாக்காதே, ஆளையும் பாருன்னு. உன் காகிதத்துல பூச்சு ஒரு கோடு, செப்டிக் டேங்கு ஒரு கோடு, ரெண்டும் ஒரே வாரத்துல ஓடுது. ரெண்டுக்கும் கொத்தனார் ஒருத்தர்தான். அவரு இங்க கலவையைத் தொட்டா அங்க தொட முடியாது. போதாக்குறைக்குப் பக்கத்து ஊர்ல இன்னொரு வீடும் எடுத்திருக்காரு. பேரைக் கேக்காதே, சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை காலையில அவரு பைக்கு எந்தப் பக்கம் திரும்புதுன்னு டீக்கடையில உக்காந்து பாரு, தெரிஞ்சுடும்.

நீ ஒரு கேள்வி கேப்பே. எனக்கு உன் மூஞ்சியிலேயே தெரியுது. ‘மாமா, அமெரிக்கக் கடற்படையே இந்த மாதிரிக் கட்டம் போட்டுத்தானே ஏவுகணை செஞ்சுது’ன்னு. செஞ்சாங்கப்பா. 1958-ல போலாரிஸ் ஏவுகணைக்காக ராபோர்ன்னு ஒரு அட்மிரல் தலைமையில பெர்ட்டுன்னு ஒரு முறையைக் கொண்டாந்தாங்க. ஒவ்வொரு வேலைக்கும் மூணு கணக்குக் கேளுன்னாங்க. எல்லாம் கூடி வந்தா எத்தனை நாள், சாதாரணமா எத்தனை நாள், நாசமாப் போனா எத்தனை நாள். நடுவுல இருக்குறதை நாலால பெருக்கி, மத்த ரெண்டையும் கூட்டி, ஆறால வகுத்துக்கோ. நம்ம ஆசாரியைக் கேட்டுப் பாத்தேன். நல்லா நடந்தா 14, வழக்கமா 20, மச்சினன் கல்யாணம் குறுக்கே வந்தா 50-ன்னாரு. கூட்டி வகுத்தா 24 வருது. அவர் உன்கிட்டச் சொன்னது 20. மச்சினன் கல்யாணத்தை நீயும் கேக்கல, அவரும் சொல்லல.

1960 ஜூலையில கடலுக்குள்ள இருந்தே ஏவுகணையை விட்டுக் காட்டினாங்க. உலகமே கட்டத்தைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. 1972-ல சபோல்ஸ்கின்னு ஒருத்தர் அந்தக் கதையைக் கிண்டிப் பாத்து ஒரு புஸ்தகம் போட்டாரு. கட்டத்தால வேலை வேகமாச்சுங்கிறதை விட, வெளியில இருந்து வர்ற அதிகாரிக மூக்கை நுழைக்காமப் பாத்துக்கிட்டதுதான் அதோட பெரிய உபகாரம்னு எழுதிட்டாரு. வர்றவன் ஆகா, எவ்வளவு கோடுன்னு வாயைப் பொளந்துட்டுப் போயிடுவான். உள்ள இருக்குறவன் நிம்மதியா வேலை பாப்பான். படிச்சதும் எனக்கு உன் மாமனார் ஞாபகம் வந்துச்சு. உன் நாலு முழக் காகிதத்தை வீணாக்க வேண்டாம் மாப்ளே. முன்வாசல்ல ஆணி அடிச்சு மாட்டு. அவர் வர்ற அன்னைக்கு அது முன்னாடி நாற்காலி போடு. ரெண்டு மணி நேரம் உனக்குத் தொந்தரவு இருக்காது.

உன் பாக்கெட்டுல மட்டும் ஒரு சின்னச் சீட்டு வச்சுக்கோ. அதுல ஏழே வரி எழுது. சென்ட்ரிங், கம்பி, தளம், காத்திருப்பு, பூச்சு, டைல்ஸ், பெயிண்டு. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை அதை எடுத்துப் பாத்து, இந்த வரிசையில இப்போ எந்தக் கொட்டை, அடுத்த கொட்டை வர்றதுக்கு என்ன தடைன்னு கேளு. அதுக்கப்புறம் மத்த வேலைகள்ல எதோட மிச்சம் அஞ்சு நாளுக்குக் கீழ வந்திருக்குன்னு பாரு. வந்திருந்தா அதையும் சீட்டுல ஏத்து. மத்தது எதுக்கும் சத்தம் போடாதே. கேட்டு வைக்கிறவர் நாலு நாள் வரலையா, விடு. மல்லிகைச் செடி வாடிருச்சா, அத்தைகிட்டச் சொல்லு. கோபத்துக்கும் ஒரு அளவு உண்டு. அதை எல்லா இடத்துலயும் தெளிச்சா, வேணும்கிற இடத்துல உன் சத்தத்துக்கு மரியாதை இருக்காது.

கடைசியா ஒண்ணு. காலையில வேலை நடக்குற இடத்துக்குப் போயிட்டுத்தான் வர்றேன். சென்ட்ரிங் முடிஞ்சுது. கம்பியும் கட்டி முடிச்சாச்சு. ஜல்லி எறங்கியிருக்கு, மிக்சர் மெஷின் வந்து நிக்குது. ஆனா தளம் போடல. நாலு நாளாப் போடல. ஏன்னு கேட்டேன். எலக்ட்ரீசியன் கம்பி மேல குந்தவச்சு உக்காந்து பீடி குடிச்சுக்கிட்டு இருக்காரு. தளத்துக்குள்ள பைப்பு ஓட்டணும், ஃபேன் பெட்டி வைக்கணும், கான்கிரீட்டு விழுந்துட்டா அப்புறம் உடைச்சாத்தான் உண்டு. பெட்டி எங்க வைக்கணும்னு முடிவு வரலையாம். யார் முடிவுன்னு கேட்டேன். ஹால்ல ஃபேன் ஒண்ணா ரெண்டா, ஏ.சி. கிழக்கா மேக்கான்னு வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும் இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்கன்னாரு.

அறுபது வேலைக்கும் செவப்பு அடிச்சியே மாப்ளே, நீ முடிவெடுக்குறதுங்கிற அறுபத்தோராவது வேலையை எழுத விட்டுட்டியே. சென்ட்ரிங்காரருக்குக் காசு குடுத்து வாங்கின ரெண்டு நாளும் போயி, கைக்காசு இல்லாமயே இன்னும் ரெண்டு நாளும் போச்சு. இப்போதைக்கு அந்தப் பாதையை மறிச்சுக்கிட்டு நிக்கிறது ஆசாரியும் இல்ல, கொத்தனாரும் இல்ல. எந்திரி. எந்திரிச்சு வீட்டுக்காரிக்குப் போன் போடு. ரெண்டு ஃபேன்னு அவ சொன்னா, ரெண்டுன்னே வை. உன் அபிப்பிராயத்துக்கு நிறைய மிச்ச நாள் இருக்கு.